ஆள் எடுக்கும்போது முகத்தைக் கடைசியில் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் கடைக்கு ஆள் எடுப்பவர்கள் ‘முகராசி’ பார்ப்பது உண்டு. பையன் களையாக இருந்தால் கல்லாவில் உட்காரவைக்கத் தோன்றும். கறுத்து, மெலிந்து, பல் எடுப்பாக இருந்தால் குடோனுக்கு அனுப்பத் தோன்றும். கேட்டால், “நான் வேலையை மட்டும்தான் பார்ப்பேன்” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரிவதில்லை. 1977இல் நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரே ஆசிரியரை ஒரு காணொளியில் அன்பாகவும் இன்னொன்றில் கடுகடுப்பாகவும் பேசவைத்தார்கள். கடுகடுப்பைப் பார்த்த மாணவர்களுக்கு அவருடைய தோற்றமும் உச்சரிப்புமே எரிச்சலாகத் தெரிந்தன. ஆள்மேல் வந்த வெறுப்புதான் காரணம் என்பதை அவர்கள் உணரவேயில்லை. அழகு விஷயத்திலும் இதே கதைதான். ஆகவே “நடுநிலையோடு பார்ப்பேன்” என்று மனசுக்குள் உறுதி எடுத்தால் போதாது. பார்க்கும் வரிசையையே மாற்ற வேண்டும்.

அதற்குக் காரணம் வேகம். ஒருவர் நம்பத்தகுந்தவரா, திறமைசாலியா என்று முகத்தை வைத்து முடிவுகட்ட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று வில்லிஸ், டோடோரோவ் என்ற ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, அதன்மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. வந்தவர் வீட்டு முகப்பைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் கால் வைப்பதற்குள் தீர்ப்பு முடிந்திருக்கும். பிறகு கேட்கிற கேள்வியெல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி தேடுவதுதான்.

எல்லாக் குணத்திலும் இந்த மயக்கம் ஒரே அளவில் இருப்பதில்லை. 1991இல் ஈக்லியும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அழகானவர் நன்றாகப் பழகுவார் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. நேர்மையானவர், பிறர்மேல் அக்கறை உள்ளவர் என்ற எண்ணம் பலவீனமாக இருந்தது. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஓட்டலாக்கி, வரவேற்பு மேசைக்கு ஆள் தேடுபவர்தான் எல்லோரையும்விடக் கவனமாக இருக்க வேண்டும். நன்றாகப் பழகும் குணம்தான் அந்த வேலைக்குத் தேவை, அது இல்லாவிட்டாலும் இருப்பதாக அழகான முகம் காட்டிவிடும். நம்மூரில் இதோடு நிறமும் ஒட்டிக்கொள்கிறது. ‘சிவப்பா, லட்சணமா’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வாய், கறுத்த பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் கொஞ்சநஞ்சம் இல்லை.

முதலில் தாள்

யாரையும் பார்ப்பதற்கு முன்பே, அந்த வேலையில் தினமும் செய்ய வேண்டியதில் ஐந்தை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் என்ன, 3 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்பதையும் ஒவ்வொரு வரியாக எழுதிவிடுங்கள். ‘சுறுசுறுப்பு’, ‘நல்ல பழக்கம்’ போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும், அவற்றுக்குள் முகம் சுலபமாகப் புகுந்துகொள்ளும். ‘பன்னிரண்டு உருப்படிக்கு பில் போட்டு, இரண்டைத் திரும்ப எடுத்து, தொகையைச் சரியாகச் சொன்னார்’ என்று எழுதினால் அதற்கு இடமில்லை. பயோடேட்டாவில் படம் இருந்தால் முடிவெடுக்காத ஒருவர் அதை மறைத்து, எண் போட்டுக் கொடுக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். டிபி ஒன்று போதும், எல்லாம் கெட்டுவிடும்.

அடுத்தது கைவேலை

மெஸ்ஸுக்கோ கல்யாண வேலைக்கோ சமையலாள் தேடினால் வெள்ளைப் பணியாரம் போடச் சொல்லுங்கள். குறையை மறைக்க அதில் மசாலா கிடையாது. ஒரு டம்ளர் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, இரண்டு மணி நேர ஊறல், நைசான அரைப்பு. புளிக்கவைக்க வேண்டியதில்லை என்பதால் ஒரு காலைப் பொழுதிலேயே சோதனை முடிந்துவிடும். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கெட்டிப்படும். அளவு கை தெரிந்தவரா என்பது தின்றாலே தெரியும்.

ருசி பார்க்கும் இருவர் வளவில் இருக்கட்டும், சமைப்பவர்கள் (நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம்) அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டில் இருக்கட்டும். ஒரே மாதிரித் தட்டில் மூன்று பணியாரம், தட்டின் அடியில் எண், கொண்டுவந்து வைப்பது மூன்றாவது ஆள். முதல் தட்டு மற்றவற்றுக்கு அளவுகோலாகிவிடும், அதனால் ஒருவர் 1, 2, 3, 4 என்று சாப்பிட்டால் மற்றவர் 4இலிருந்து தொடங்க வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு சூடு. முதலில் சுட்டவருடையது ஆறிப்போய் வந்தால் அவருக்கு நஷ்டம். நால்வரையும் ஒரே நேரத்தில் எண்ணெய்ச் சட்டி வைக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் சாப்பிடுங்கள். சுத்தம், எண்ணெய்ச் செலவு, நேரம் மூன்றையும் அடுப்படியில் நிற்கும் வேறொருவர் கடிகாரத்தையும் அளவையையும் வைத்துக் குறிக்கட்டும்.

ஜவுளிக்கடை வேலையில் ஆளை மறைக்க முடியாது. அங்கே எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து கண்டாங்கிச் சேலைகளை வைத்து எவையெவை கைத்தறி என்று கேளுங்கள். கரையோர ஊசித் துளையையும் பின்பக்கத்தையும் பார்த்துச் சொல்பவர் எத்தனை சரியாகச் சொன்னார் என்று குறித்தால் போதும்.

நேர்முகம்

எல்லோருக்கும் அதே ஆறு கேள்விகள், அதே வரிசை. ஒரு பதிலுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்வி. 1950களில் இஸ்ரேல் ராணுவத்துக்காக உளவியலாளர் டேனியல் கானமன் வகுத்த முறை இதுதான்: ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண், எல்லாம் முடிந்த பிறகே ‘ஆளைப் பற்றி மொத்தத்தில் என்ன தோன்றுகிறது’ என்பதற்கு ஒன்று. அந்தக் கடைசி மதிப்பெண்ணும் பயன்பட்டது. முன்பு எண்களைப் போட்டு முடித்ததால்தான் அது பயன்பட்டது.

முதலாளி வாய் திறப்பதற்கு முன் எல்லோருடைய சீட்டும் மேசையில் கவிழ்ந்திருக்க வேண்டும். “பையன் தேவலையே” என்று அவர் சொல்லிவிட்டால் மற்றவர்களின் பேனா அந்தப் பக்கமே சாயும்.

எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். அழகாக இருக்கிற பெண்ணைப் பார்த்ததும் ‘இவ வேலை பார்க்க மாட்டா’ என்று மதிப்பெண்ணைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். முகத்துக்காக எந்தப் பக்கமும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம், எழுதியதே இருக்கட்டும்.

விடைத்தாள் திருத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1974இல் லாண்டி, சிகால் செய்த ஆய்வில், மோசமான கட்டுரைதான் எழுதியவரின் அழகான படத்தால் அதிகம் லாபம் அடைந்தது. தேறுமா தேறாதா என்று ஊசலாடும் தாளில்தான் ஆபத்து. பெயர்ப் பக்கத்தை மடித்துவிட்டு, எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாத் தாளிலும் இரண்டாவது என்று திருத்துங்கள்.

பெண், மாப்பிள்ளை பார்க்கும்போது முகம் பிடிப்பது மணமக்களின் உரிமை, அதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் கோயில் (நகரத்தாரின் குலப் பிரிவு), ஜாதகம் பார்த்த கையோடு விசாரிக்கப் போகிறவர்கள், போட்டோ பார்க்காதவர்களாக இருக்கட்டும். படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் “தங்கமான குணம்” என்ற பதிலோடு முதல் வீட்டிலேயே திரும்பிவிடுவார்கள்.

சீட்டுகளைக் கிழித்துப்போடாதீர்கள். ஆள் சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் எடுத்து, வேலையோடு ஒப்பிடுங்கள். 5 வாங்கிய வரியில் அவர் தடுமாறினால் அந்தச் சோதனை சரியில்லை என்று அர்த்தம், அடுத்த முறை அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.