வாடகை தராதவரைக் காலி செய்ய வைக்க

வாடகை வரவில்லை என்ற கோபத்தில் பூட்டைப் போடுவது, கரண்டையும் தண்ணீரையும் நிறுத்துவது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது, இதில் எதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி குடிநீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதிகளை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வாடகைதாரர் உங்கள் மேல் புகார் கொடுக்கலாம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு மாத பாக்கி சேர்ந்துவிட்டால், எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று தெளிவாக எழுதி, வக்கீல் மூலமாக எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தபால் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கட்டாயம் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் வட்டியோடு அவர் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம்.

அப்புறம் ஒப்பந்தம். அது எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆகியிருந்தால்தான் வழக்கு சிக்கலில்லாமல் நகரும். வங்கிக் கணக்கு விவரம், கொடுத்த ரசீதுகளின் நகல், அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீர்கள் என்ற கணக்கு எல்லாவற்றையும் மனு போடும் முன்பே எடுத்து வையுங்கள்.