டிஸபிலிட்டி பென்ஷன்: செட்டிநாட்டு முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கவனிக்க

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் பட்டாளத்துக்குப் போய்வந்த வீடுகளில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும், மேலே வெள்ளைப் பெயிண்டில் படை எண்ணோடு. டிஸ்சார்ஜ் புக்கைப் பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். மெடிக்கல் போர்டு தாளைக் கேட்டால்தான் தேடுவார்கள். பணியில் வந்த ஊனத்துக்கான டிஸபிலிட்டி பென்ஷன் நிற்பது அந்தத் தாளில்.

பணியை விட்டு வரும்போது கூடும் ராணுவ டாக்டர்கள் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதும். அது ராணுவப் பணியால் வந்ததா, பணியால் கூடியதா, இரண்டும் இல்லையா என்றும் எழுதும். பென்ஷன் கிடைக்க, பணித் தொடர்போடு ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். "இரண்டும் இல்லை" என்றிருந்தால் நம்மவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. சேரும்போது பதிவாகாத நோய், பின்னால் அதற்காகவே வெளியே அனுப்பப்பட்டால், பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுத்தால் போர்டு காரணம் காட்ட வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போர்டு தாளில் காரணம் எழுதும் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை வரி இருந்தால் அப்பீலுக்கு அதுவே பிடி. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குப் புது விதிகள். பழைய கணக்கை அவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

அடுத்த தவறு, 20 சதவீதத்துக்கான தொகையோடு திருப்தியாக இருந்துவிடுவது. 50-க்குக் கீழே உள்ளதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்; ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். சம்பளம் 40,000 என்றால் 20 சதவீதத்துக்கு மாதம் 2,400, 50-க்கு 6,000. வித்தியாசத்தை நீங்களே பாருங்கள்! தாமதித்துக் கேட்டால் நிலுவை பெரும்பாலும் 3 வருஷத்தோடு நின்றுவிடும்.

லீவில் வந்து அடிபட்டவர்கள் கவனம். யூனிட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியில் விபத்து என்றால் பணியாகக் கொள்வார்கள். ஊரில் சொந்த வேலையாக பைக்கில் போய் விழுந்தால் கிடைப்பது கடினம். எதுவானாலும் காய அறிக்கை அப்போதே யூனிட்டில் பதிவாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரி தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு உதவிகளுக்கு ஆகும்; ராணுவ போர்டுக்கு ஈடாகாது.

பெண்கள் பக்கம் பெரும் தொல்லை பெயர்தான். வீட்டில் மீனாள், ஆதாரில் மீனாட்சி, படைப் பதிவேட்டில் வேறு எழுத்து. கணவர் இருக்கும்போதே அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. ஏற்கப்பட்ட ஊனத்தாலேயே அவர் இறந்திருந்தால் சாதாரணக் குடும்பப் பென்ஷனைவிடக் கூடுதலான சிறப்புக் குடும்பப் பென்ஷன் கேட்க இடமுண்டு. ஆனால் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. ஆஸ்பத்திரியில் மரணக் காரணச் சான்றையும் சிகிச்சைத் தாள்களையும் தனியே வாங்கி வையுங்கள், ஆத்தா. துக்கத்தில் அது நினைவுக்கு வராது. கூட இருக்கும் பங்காளிகள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நிலுவையில் பங்கு கேட்கும் புரோக்கரிடம் அசல் தாள்களைக் கொடுக்காதீர்கள். சிவகங்கையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, வழி சொல்வார்கள். அப்பீலும் மறுக்கப்பட்டால், உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம்.