வனேடியம் எஃகுக் கத்தியை வீட்டில் தீட்டுவது எப்படி: எஸ்90வி முதல் மேக்ஸமெட் வரை

நல்ல விலை கொடுத்து வாங்கிய கத்தி மாதக்கணக்கில் மழுங்காமல் வெட்டியது. ஒருநாள் மழுங்கியது. வீட்டில் இருந்த கல்லில் அரைமணி நேரம் தேய்த்தும் பளபளப்புதான் கூடியது, கூர் ஏறவில்லை. ‘இந்த எஃகைத் தீட்டவே முடியாது’ என்ற பேச்சு இப்படித்தான் கிளம்புகிறது. தாராளமாகத் தீட்டலாம். அந்த எஃகுக்குள் இருக்கும் துகள்களைவிட உங்கள் கல் மென்மையானது, அவ்வளவுதான். சரியான கல்லை எடுத்து, முதல் கல்லில் அவசரப்படாமல் இருந்தால் புதிதாகக் கற்பவரும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

முதலில், எஃகுக்குள் என்ன இருக்கிறது?

பழைய வீடுகளின் மொசைக் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். சிமென்டுக்குள் சின்னச் சின்னச் சலவைக்கல் துண்டுகள் பதிந்திருக்கும். கத்தி எஃகும் அப்படித்தான். பதப்படுத்திய இரும்பு சிமென்ட் மாதிரி. அதற்குள் கார்பைடு துகள்கள், அதாவது உலோகமும் கரிமமும் சேர்ந்த கடினமான துகள்கள், கல் மாதிரி பதிந்திருக்கின்றன. மழுங்காமல் இருப்பதில் பெரும்பங்கு இந்தத் துகள்களுடையது.

கடினத்தை விக்கர்ஸ் அளவில் பார்ப்போம். எல்லாம் ஏறக்குறைய எண்கள். பதம் ஏறிய எஃகு 750. சாதாரணக் கரிம எஃகில் உள்ள இரும்புக் கார்பைடு 1,000. குரோமியம் கார்பைடு 1,500. வனேடியம் கார்பைடு 2,800. இப்போது கற்களின் பக்கம் வாருங்கள். பெரும்பாலான ஜப்பானிய நீர்க்கற்களில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு 2,100. கார்போரண்டம் என்று கடையில் கேட்டு வாங்கும் சிலிக்கான் கார்பைடு 2,600. வைரம் 8,000-க்கு மேல்.

2,100 கொண்டு 2,800-ஐ அறுக்க முடியாது. அலுமினியம் ஆக்சைடு கல் துகளைச் சுற்றியுள்ள இரும்பை மட்டும் தேய்க்கிறது. துகள் வட்டமாக அங்கேயே நிற்கிறது, அல்லது பிடிமானம் இழந்து உதிர்கிறது. சொரசொரப்பான கல்லில் இது அவ்வளவாகத் தெரியாது. கீறல்கள் துகளைவிடப் பெரியவை என்பதால் துகளையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். நேரம் கூடுதலாகும், அவ்வளவே. 3,000 கிரிட், 6,000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) என்று நைசான கல்லுக்குப் போகும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே கீறலின் அளவு துகளின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கூர் ஏறுவதற்குப் பதிலாக, ஏறிய கூரும் போகும். அதனால்தான் இந்த எஃகுகளுக்கு வைரம் வேண்டும்.

படி 1: உங்கள் எஃகின் பெயரைப் பாருங்கள்

அலகில், பெரும்பாலும் பிடிக்குப் பக்கத்தில், பெயர் பொறித்திருக்கும். பார்க்க வேண்டியது வனேடியத்தின் சதவீதம்.

எஸ்30வி எஃகில் 4 சதவீதம். எம்390-லும் 4, கூடவே 20 சதவீதம் குரோமியம். எஸ்90வி என்றால் 9. 10வி என்ற பெயரிலேயே விடை இருக்கிறது: 9.75 சதவீதம். அதன் கன அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வனேடியம் கார்பைடுதான். மேக்ஸமெட்டில் 6 சதவீதம் வனேடியத்துடன் 13 சதவீதம் டங்ஸ்டனும் 10 சதவீதம் கோபால்ட்டும் சேர்ந்திருப்பதால் கடினத்துக்கான இன்னொரு அளவான ராக்வெல் சி-யில் 70 வரை போகும். ரெக்ஸ் 121 அதற்கும் ஒரு படி மேல்.

இவையெல்லாம் பொடி உலோகவியல் எஃகுகள். உருகிய எஃகை நைட்ரஜன் வாயுவால் பீய்ச்சிப் பொடியாக்கி, அந்தப் பொடியை உறையில் அடைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துக் கட்டியாக்குகிறார்கள். ஒவ்வொரு துளியும் நொடிக்குள் உறைந்துவிடுவதால் கார்பைடு வளர நேரமில்லை. சில மைக்ரான் அளவிலேயே நின்றுவிடும். வழக்கமான வார்ப்பில் இவ்வளவு வனேடியத்தைப் போட்டால் துகள்கள் பெருத்து, கத்தியின் வாய் உடைந்து உடைந்து போகும்.

மேக்னகட் தனி ரகம். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வெளிவந்தது. 4 சதவீதம் வனேடியம், 2 சதவீதம் நயோபியம். குரோமியம் 10.7 சதவீதம்தான், ஆனால் அதில் எதுவும் கார்பைடாகிக் காணாமல் போகாமல் இரும்பிலேயே கரைந்து நிற்கிறது. அதனால் குரோமியம் குறைவாக இருந்தும் துரு எதிர்ப்பு பிரமாதம். புதிதாக ஒரு கத்தி வாங்கித் தீட்டிப் பழக வேண்டும் என்றால் இதைத்தான் சிபாரிசு செய்வோம்.

வைரம் தேவைப்படாத விசித்திர எஃகுகளும் உண்டு. இசட்டிபி-189 ராக்வெல்லில் 65-ஐத் தாண்டும், ஆனால் அதன் துகள்கள் குரோமியம் கார்பைடு. சாதாரண நீர்க்கல்லே போதும், மெதுவாக ஏறும். கடல்நீரிலும் துருப்பிடிக்காத எச்1, எல்சி200என் இரண்டிலும் கரிமம் குறைவு. கார்பைடு மிகக் குறைவு, எந்தக் கல்லும் அறுக்கும். கடினம் வேறு, தேய்மான எதிர்ப்பு வேறு என்பது இங்கே தெளிவாகும்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்று. கொடுமணலிலும் தென்னிந்தியாவின் பிற ஊர்களிலும் மூசையில் உருக்கிய எஃகை உலகம் ஊட்ஸ் என்று அழைத்தது. அதிலிருந்து அடித்த வாள்களில் தெரியும் நெளிவு வரிகளுக்குக் காரணம், தாதுவோடு வந்த துளியூண்டு வனேடியம் போன்ற தனிமங்கள் என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் 1998-இல் விளக்கினார்கள். ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவே அதற்குப் போதுமாக இருந்தது. அங்கே அது இரும்புக் கார்பைடை வரிசைகட்ட வைத்தது. இங்கே தானே கார்பைடாகி நிற்கிறது.

படி 2: வாங்க வேண்டியவை

400 கிரிட் வைரத்தகடு ஒன்று, 1,000 கிரிட் ஒன்று. இரண்டு போதும். நீளம் 6 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். 8 அங்குலம் இருந்தால் கை பழகுவது எளிது. நிக்கல் பூச்சில் வைரம் பதித்த தகடே தொடக்கத்துக்கு ஏற்றது. ரெசினில் வைரம் கலந்த கற்கள் இன்னும் அழகாக அறுக்கும். ஆனால் அவை அவ்வப்போது மழமழவென்று ஆகிவிடும், மேற்பரப்பைச் சீவித் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தட்டையான மரத்தில் ஒட்டிய தோல்வார், அதில் பூச 1 மைக்ரான் வைரப்பசை. பலர் வைத்திருக்கும் பச்சைக்கட்டி குரோமியம் ஆக்சைடு. வனேடியம் கார்பைடிடம் அதுவும் தோற்றுவிடும். இவற்றோடு அழியாத மை பேனா, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு லூப், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, ஈரத்துணி.

புதுத் தகட்டில் சில வைரங்கள் உயரமாகத் துருத்திக்கொண்டிருக்கும். அப்படியே நல்ல கத்தியை வைத்தால் ஆழமான கீறல் விழும். பழைய உளியின் பின்பக்கத்தை வைத்து 5 நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 3: கோணத்தைக் குறியுங்கள்

மேக்னகட்டுக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி. எஸ்30வி, எஸ்90வி, எம்390 மூன்றுக்கும் 17. 10வி, மேக்ஸமெட், ரெக்ஸ் 121 மூன்றையும் 20-இல் தொடங்குங்கள், பின்னிரண்டும் எளிதில் உடையக்கூடியவை.

பாகைமானி வேண்டாம். கத்தியின் வாயிலிருந்து முதுகு வரை உயரத்தை அளந்து, 15 டிகிரிக்கு 0.26, 17-க்கு 0.29, 20-க்கு 0.34 ஆல் பெருக்குங்கள். வருவது, முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து நிற்க வேண்டிய உயரம். முதுகுத் தடிமனில் பாதியைக் கழித்தால் முதுகின் கீழ்விளிம்பின் உயரம் கிடைக்கும். 30 மி.மீ. உயரம், 3 மி.மீ. முதுகு கொண்ட மடக்குக் கத்தியை 17 டிகிரியில் தீட்ட: 8.7-இலிருந்து 1.5 போக, ஏறக்குறைய 7.2 மி.மீ. அந்தத் தடிமனுக்கு அட்டையை மடித்து முதுகின் கீழே வைத்துப் பாருங்கள். கை அந்தச் சாய்வை நினைவில் வாங்கியதும் அட்டையை எடுத்துவிடலாம்.

பிறகு வாயோரச் சரிவு முழுக்க மை பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். மேல்பக்கம் மட்டும் மை போயிருந்தால் முதுகைச் சற்றே உயர்த்த வேண்டும். வாயோரம் மட்டும் போயிருந்தால் தாழ்த்த வேண்டும். சரிவு முழுக்கப் போனால் சரி. முதல் முறை 5 நிமிடத்துக்கு ஒருதடவை மை பூசிச் சோதியுங்கள்.

படி 4: 400 கிரிட்டில் பிசிறு வரும் வரை

வேலையில் முக்கால் பங்கு இதுதான். சொதப்புவதும் பெரும்பாலும் இங்கேதான்.

தகட்டில் தண்ணீரும் ஒரு சொட்டுத் திரவமும் விடுங்கள். பிடியருகே தொடங்கி முனை வரை, ஒரே கோணத்தில், முன்னும் பின்னும் தேயுங்கள். முனை வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தினால்தான் கோணம் மாறாமல் இருக்கும். கூர் ஏறவில்லை என்று அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். நிக்கலில் இருந்து வைரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், தகடு சில மாதத்தில் வழுக்கையாகும். அழுத்தம் எவ்வளவு என்று தெரிய, தகட்டைச் சமையல் தராசின் மேல் வைத்து ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். 400 கிரிட்டில் ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது.

ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். சாதாரணக் கத்தியில் அது விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும். 62 ராக்வெல்லுக்கு மேல் உள்ள எஃகில் மிக மிகச் சிறியது. இன்னும் வரவில்லை என்று நினைத்து மணிக்கணக்காகத் தேய்ப்பவர்கள் உண்டு. கட்டைவிரலைச் சரிவிலிருந்து வாய்க்கு வெளியே இழுத்துப் பாருங்கள், வாயோடு நீளவாக்கில் ஒருபோதும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பஞ்சை அதேபோல் இழுங்கள். பிசிறு இருந்தால் இழை மாட்டும்.

பிடி முதல் முனை வரை ஓரிடம் விடாமல் பிசிறு வந்தால்தான் அடுத்த பக்கம். மழுங்கிய வாயை முதல்முறை எடுக்க 20, 30 நிமிடம் ஆவது இயல்பே. ‘வந்திருக்கும்’ என்ற நம்பிக்கையில் அடுத்த கல்லுக்குப் போனால், 1,000 கிரிட்டில் எத்தனை நேரம் தேய்த்தாலும் மழுங்கல்தான் மிஞ்சும்.

படி 5: 1,000 கிரிட்

பக்கத்துக்கு 20 இழுப்பு, பிறகு 10, பிறகு 5. அழுத்தம் 500 கிராமிலிருந்து 200-க்கு இறங்கட்டும். கடைசியாக ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, வாய் முன்னே போகும்படி 10 இழுப்பு. பிசிறு விடாப்பிடியாக இருந்தால் முதுகை 2 டிகிரி உயர்த்தி, கத்தியின் எடையே போதும் என்ற அளவில் பக்கத்துக்கு இரண்டு இழுப்பு.

இதற்கு மேல் நைசாகப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வனேடியம் எஃகின் தனிச்சிறப்பு, 1,000 கிரிட் விட்டுச்செல்லும் நுண்ணிய பற்கள் நெடுநாள் தேயாமல் நிற்பது. கயிறு, அட்டை, தக்காளித்தோல் எல்லாவற்றிலும் அந்தப் பற்களே கவ்வி அறுக்கின்றன. கண்ணாடியாக மெருகேற்றினால் முடி சிரைக்கும், ஆனால் தக்காளியில் வழுக்கும்.

படி 6: தோல்வார்

வைரப்பசை ஒரு பட்டாணி அளவு. வாய் பின்னே வரும்படி, பக்கத்துக்கு 8 இழுப்பு. அழுத்தினால் தோல் குழிந்து வாயைச் சுற்றி வளைந்து, கூரை உருட்டிவிடும்.

விளக்குக்கு நேரே வாயைக் காட்டுங்கள். எங்கும் வெள்ளைப் புள்ளி மின்னாவிட்டால் முடிந்தது. மின்னினால் அந்த இடம் மழுங்கலோ பிசிறோ. செய்தித்தாளை அறுக்கும்போதும் அதே இடத்தில்தான் சிக்கும்.

கோளாறு வந்தால்

தீட்டியவுடன் சவரம் செய்யும் அளவு கூர், நான்கு அட்டை அறுத்ததும் மழுங்கல் என்றால், நீங்கள் பார்த்தது நிமிர்ந்து நின்ற பிசிறு. படி 5-இன் கடைசிப் பகுதிக்குத் திரும்புங்கள்.

லூப்பில் வாய் ரம்பம் போல உடைந்து தெரிந்தால் கோணம் குறைவு. 2 டிகிரி கூட்டுங்கள். அதன் பிறகும் உடைந்தால், தொழிற்சாலையில் தீட்டும்போது சூடேறிய வாயாக இருக்கலாம். இரண்டு மூன்று முறை தீட்டி அந்த உலோகம் போனதும் நல்ல எஃகு வெளிவரும்.

இதே காரணத்தால் தெருவில் வரும் சாணைச் சக்கரத்திலோ, உலர்ந்த பெல்ட் மெஷினிலோ இந்தக் கத்திகளைக் கொடுக்கவே கூடாது. வாயோரம் முடியைவிட மெல்லியது. பொறி பறக்கும் தேய்ப்பில் கண்ணிமைக்கும் நேரத்தில் பதம் கெடும் சூடு ஏறிவிடும். நீலநிறம் தெரிய வேண்டும் என்பதில்லை. நிறமே மாறாமல் பதம் போயிருக்கும்.

தகடு அறுப்பது குறைந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் எஃகுத்தூள் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியும் பாத்திரத் திரவமும் கொண்டு தேயுங்கள், அல்லது பென்சில் அழிக்கும் ரப்பரால் ஈரமாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

10வி, மேக்ஸமெட், ரெக்ஸ் 121 மூன்றும் துருப்பிடிக்கும். புதிதாகத் தீட்டிய வாய்தான் முதலில் புள்ளி போடும், அதுவும் எலுமிச்சையோ புளியோ பட்டால் அன்றைக்கே. கழுவி, துணியால் துடைத்து, 5 நிமிடம் காற்றில் விட்டு, மினரல் ஆயில் ஒரு சொட்டு தடவி வையுங்கள். தோல் உறைக்குள் போட்டு வைக்க வேண்டாம், ஈரம் அங்கேயே தங்கும்.

அடுத்த முறை முழுக்க மழுங்கும் வரை காத்திருக்காதீர்கள். செய்தித்தாளில் ஓரிடம் சிக்கத் தொடங்கியதுமே 1,000 கிரிட்டில் பக்கத்துக்கு 5 இழுப்பு, தோல்வாரில் 5. இரண்டு நிமிட வேலை. 400 கிரிட் தகடு மாதக்கணக்கில் பெட்டியிலேயே இருக்கும்.