சைனஸ் ஆபரேஷனா? ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்கேன் படமும் வேண்டும்

கோவையிலோ ஈரோட்டிலோ காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ரிப்போர்ட் தாள்தான் இருக்கும். சி.டி. ஸ்கேன் ஃபிலிம் பீரோவுக்கு மேலே கிடக்கும். கேட்டால், "ரிப்போர்ட்லதான் எல்லாம் போட்டிருக்குதுங்களே" என்பார்கள். சளி அடைத்திருப்பதும் மூக்குத்தண்டு வளைந்திருப்பதும் போட்டிருக்கும். ரத்தக்குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பல ரிப்போர்ட்டுகளில் ஒரு வரிகூட இருக்காது. ஆபரேஷன் செய்பவர் முதலில் தேடுவதோ அதைத்தான்.

முன் எத்மாய்டு தமனி என்று ஒன்று. கண்குழியிலிருந்து கிளம்பி, சைனஸ் அறைகளின் கூரையைக் குறுக்கே கடந்து மூக்குக்கு வருகிறது. பலருக்கு அது கூரை எலும்போடு ஒட்டியே போகும். சிலருக்குக் கூரையை விட்டு சில மில்லிமீட்டர் கீழே இறங்கி, கொடிக்கயிறு மாதிரி தொங்கும். கண்குழிக்கு மேலே கூடுதலாக ஒரு காற்றறை விரிந்திருப்பவர்களுக்கு இப்படி அமைவது அதிகம். ஒரே ஆளுக்கு இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரியும் இருக்கும். அதனால் ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை ஊகிப்பது தவறு. முகத்துக்கு நேரான வெட்டுப் படத்தில், கண்குழியின் உள்சுவரில் காம்பு மாதிரி ஒரு சின்ன முனை தெரியும். தமனி வெளியே வரும் இடம் அது.

தெரியாமல் இதை வெட்டிவிட்டால், அறுந்த முனை சுருங்கிக் கண்குழிக்குள் போய்விடலாம். ரத்தம் வெளியே வராமல் கண்ணுக்குப் பின்னால் தேங்கும், அழுத்தம் ஏறும். பார்வையைக் காப்பாற்ற ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும்.

மூக்கின் பின்பக்கம் ஸ்பீனோபாலட்டைன் தமனி இருக்கிறது. அது மூக்குக்குள் வருவதற்கு முன்பே சிலருக்கு இரண்டு மூன்றாகக் கிளை பிரிந்திருக்கும். ஒன்றை அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று விட்டால் இன்னொன்றிலிருந்து ரத்தம் வரும். அதற்கும் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு சைனஸின் பக்கச்சுவரில், மூளைக்குப் போகும் பெரிய தமனியே ஓடுகிறது. சிலருக்கு அதன் மேல் எலும்பு மூடியே இருக்காது. சைனஸின் நடுத்தடுப்பு அந்தத் தமனியின் சுவரில் போய் ஒட்டியிருந்தால், அதைத் திருகி இழுப்பது பெரிய ஆபத்து.

முன்பே மூக்கில் ஆபரேஷன் ஆனவர்கள் அதை மறைக்க வேண்டாம். அடையாளம் காட்டும் எலும்புகள் சில அப்போதே போயிருக்கும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுவதைச் சொல்லாமல் விடுவது ஒன்று. யாரோ சொன்னார்கள் என்று தானாகவே நிறுத்துவது இன்னொன்று. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டாவதுதான் என் கணக்கில் மோசம். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும். மூட்டுவலி மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வீட்டுக்கு வந்தபின். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நம்ம பக்கம் நடக்கிற தவறு வேறு: நாலாம் நாளே தறிக்குப் போய் பாவு தூக்குவது, பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசியில் நிற்பது. ரத்தக்கசிவு ஒரு வாரம் கழித்தும் வரலாம். டாக்டர் சொல்லும்வரை கனம் தூக்க வேண்டாம்.

கண் வீங்கிப் பிதுங்கினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஐஸ் வைத்துப் படுக்கவைத்து விடிய விடியக் காத்திருக்காதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். 108-ஐ அழைத்துக் கிளம்பும்போதே ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் போன் போட்டு, எந்தக் கண், எத்தனை மணிக்கு வீங்க ஆரம்பித்தது என்று சொல்லிவிடுங்கள்.