வளரும் நாய்க்குட்டியின் எடையைச் சீராகப் பேணுதல்

கொழுகொழுவென்ற குட்டியே நலமான குட்டி என்று கருதுவது தவறு. வளரும் பருவத்தில் மிகும் எடை, குறிப்பாக லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில், மூட்டுகளைப் பாதிக்கும். வாரந்தோறும் விலாவைத் தடவிப் பாருங்கள்: எலும்புகள் அழுத்தாமலே கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து நோக்கினால் இடை சற்றே ஒடுங்கியிருக்க வேண்டும். தட்டுப்படவில்லையெனில் உணவைச் சிறிது குறைக்கலாம். பட்டினி போடவே கூடாது.

ஆறு மாதம் வரை, குட்டிகளுக்கான உணவை அளந்து நாளுக்கு 3 வேளையாகக் கொடுங்கள். குமரி மாவட்ட வீடுகளில் மிஞ்சும் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கையும் தேங்காய் அரைத்த மீன்குழம்புச் சோற்றையும் அன்போடு அதன் தட்டில் இடுவதுண்டு. அவை மாவுச்சத்தையும் கொழுப்பையும் கூட்டுவதோடு, குழம்பிலுள்ள உள்ளி (வெங்காயம்) நாய்க்கு நஞ்சுமாகும். அதற்கு மாற்றாக, உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து முள் நீக்கிய சாளை (மத்தி) மீனை, தின்பண்டங்கள் அனைத்தும் சேர்ந்து நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டாத அளவில் தரலாம். வயிறு மட்டும் உப்பி உடல் மெலிந்தால் குடற்புழுவாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.