டிக்கெட் சென்ட்ரலில், ஆள் பெரம்பூரில்: பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பெரம்பூர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த பையனை முதல் முறையாக ஈரோட்டுக்கு அழைத்துப்போகும் நாள். தன் டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். புறப்படும் இடம் சென்ட்ரல். ஏறும் இடமும் சென்ட்ரல்.

"இந்த ரயில் இங்கே நிற்கும்தானே அண்ணா? அப்புறம் என்ன?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டு, அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, ரயில் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அவனை மின்சார ரயிலில் ஏற்றிச் சென்ட்ரலுக்கே திருப்பி அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, எங்கள் ரயிலின் ஜன்னலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் பெரம்பூருக்கு மறுபடி வந்து சேர்ந்தான். அன்று இரவு முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, படுத்துத் தூங்கினான்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சிறிய ஜவுளிக் கடைக்குக் கொள்முதல் செய்வது என் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை ஈரோடு, அவ்வப்போது சேலம் பக்கம் இளம்பிள்ளை, வருடத்துக்கு ஒரு முறை சூரத். இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அடையாள அட்டையை மறக்காதீர்கள், முன்பின் தெரியாதவர் நீட்டும் பிஸ்கட்டைத் தின்னாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை ஒலிபெருக்கியே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஏறும் இடத்தை மாற்றாமல் ஏறுவது

வடசென்னைக்காரர்களுக்கென்றே செய்து வைத்த தவறு இது. வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர், அகரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்ட்ரல் போவதைவிடப் பெரம்பூரில் ஏறுவது சுலபம். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் விரல் பழக்கத்தில் சென்ட்ரலைத் தட்டிவிடுகிறோம். பிறகு, "பத்துப் பதினைந்து நிமிடத் தூரம்தானே" என்று பெரம்பூரில் போய் நிற்கிறோம்.

பத்து முறையில் ஒன்பது முறை ஒன்றும் ஆகாது. இதில் உள்ள விஷமே அதுதான். ஒன்பது முறை தப்பித்தவன், நான்கு பேருக்கு அதையே யோசனையாகவும் சொல்கிறான்.

எனக்குப் பத்தாவது முறை ஓர் ஐப்பசி மழையில் வந்தது. மாலையில் பிடித்த மழை விடவில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது. சுற்றிக்கொண்டு சென்ட்ரல் போவதற்குள் ரயில் போய்விடும் என்று ஆட்டோவைப் பெரம்பூருக்குத் திருப்பச் சொன்னேன். நடைமேடைக்கு நான் ஓடி வரவும், ரயில் கிளம்ப விசில் கேட்கவும் சரியாக இருந்தது. கைக்கு எட்டியது முன்பதிவு இல்லாத பெட்டி. ஏறிவிட்டேன். அந்தப் பெட்டிக்கும் முன்பதிவுப் பெட்டிகளுக்கும் நடுவே உள்ளே நடந்து போக வழி கிடையாது. அடுத்த நிறுத்தமான அரக்கோணத்தில்தான் இறங்கி, நனைந்துகொண்டே ஓடி, எஸ்-8 பெட்டியைப் பிடித்தேன்.

என் படுக்கை 33, கீழ்ப் படுக்கை. அதில் ஒரு பெரியவர் காலில் கட்டுடன் படுத்திருந்தார். ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் பக்கவாட்டு இருக்கையில் இன்னொருவரோடு உட்கார்ந்து வரவேண்டியவர். அவருக்கு என் படுக்கை முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தது. டிக்கெட் பரிசோதகர் பட்டியலைக் காட்டினார். என் பெயருக்கு நேரே ஒரு கோடு.

"சென்ட்ரலில் ஏற வேண்டியவர். வரவில்லை. நான் என்ன செய்ய முடியும்?"

"பெரம்பூரிலேயே ஏறிவிட்டேன் சார்."

"பெரம்பூர் என்று இதில் எங்கே இருக்கிறது?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பெரியவரை எழுப்பும் துணிவும் எனக்கு இல்லை. கழிப்பறைக்கு எதிரே செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, ஜோலார்பேட்டை வரை விழித்திருந்து, சேலத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்து, ஈரோட்டில் விடிந்தேன்.

போன தூக்கம் மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். ஈரோடு வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். துணி வாங்கும்போது ஈரக் கைக்குட்டையை மடித்துத் துணியின் மேல் நான்கு தேய் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அன்று சந்தையில் கண் சொருகிக்கொண்டு நின்றவன், தேய்க்காமலேயே மெரூன் நைட்டித் துணியில் ஒரு லாட்டை எடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் அது கடையில் விற்றது. தீபாவளிக்கு அடுத்த வாரம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஒரு பெண்மணி தன் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியையும் சேர்த்தே கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். வேட்டி ரோஜா நிறத்தில் இருந்தது. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேட்டியை மட்டும் மடித்து என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார்.

டிக்கெட் எடுக்கும்போது இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டியிருந்தால் இத்தனையும் இல்லை. இணையத்தில் முன்பதிவு செய்யும்போதே ஏறும் நிலையம் எது என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. புறப்படும் இடம் சென்ட்ரல், ஏறும் இடம் பெரம்பூர் என்று போட்டுவிட்டால், பரிசோதகர் பெரம்பூர் வரை உங்களைத் தேட மாட்டார். எடுத்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். கடைசி நேரத்துக்கு விடாமல், புறப்பட ஒரு நாள் இருக்கும்போதே மாற்றிவிடுவது என் பழக்கம்.

"அப்படியானால் பெரம்பூரிலிருந்தே டிக்கெட் எடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் ரயிலில் இடங்கள் பல கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தொடங்கும் நிலையத்தின் கணக்கில்தான் பெரும்பங்கு. இடையிலிருக்கும் நிலையத்திலிருந்து எடுத்தால் சிறிய கணக்கு ஒன்றில் போய் மாட்டிக்கொள்ள நேரலாம். காத்திருப்புப் பட்டியலில் ஜி.என்.டபிள்யூ.எல். என்று இருந்தால் அது பெரிய கணக்கு, நகரும். பி.க்யூ.டபிள்யூ.எல். என்று இருந்தால் அது சிறிய கணக்கு, அரக்கோணம் கூட்ஸ் வண்டிபோல் நகரும். காத்திருப்பு டிக்கெட்டோடு படுக்கைப் பெட்டியில் ஏறவும் முடியாது. ஆகவே தொடக்க நிலையத்திலிருந்து எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். கட்டணத்தில் கூடுவது அற்பம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதையும் சிலர் செய்கிறார்கள். ஏறும் இடத்தைப் பெரம்பூர் என்று மாற்றிவிட்டு, அன்று மாமா மகன் காரில் சென்ட்ரலில் கொண்டுவந்து விட்டான் என்பதற்காக அங்கேயே ஏறுவது. ஏறும் இடத்தை மாற்றியதும் பழைய இடத்தில் ஏறும் உரிமை போய்விடுகிறது. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர் வரை நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி. அபராதத்தோடு கட்ட வேண்டும்.

இன்னொன்று: எல்லா ரயிலும் பெரம்பூரில் நிற்பதில்லை. வரும்போது நிற்கிறது என்பதற்காகப் போகும்போதும் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். சில நெடுந்தூர ரயில்கள் இதற்கு நேர்மாறு. சென்ட்ரலுக்குள் நுழையாமல் பெரம்பூர் வழியாகவே போய்விடும். அவற்றுக்குச் சென்ட்ரலில் காத்திருந்தவர்களும் உண்டு.

அந்த மழை இரவில் பரிசோதகர் கையில் இருந்தது காகிதப் பட்டியல். கெஞ்சினால் ஒரு மூலையில் இடம் தேடிக் கொடுப்பார் என்ற நப்பாசைக்காவது இடம் இருந்தது. இப்போது அவர் கையில் இருப்பது கருவி. ஆள் வரவில்லை என்று தட்டினால், ஆர்.ஏ.சி.யில் காத்திருப்பவருக்கு இடம் போய்விடுகிறது. கருவியிடம் கெஞ்ச முடியாது.

எடுத்த எடுப்பில் தட்கல்

முன்பதிவு 120 நாளுக்கு முன் தொடங்கிய காலம் போய்விட்டது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். இது தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதைவிட, தெரிந்தும் தட்கலை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்னை ஆச்சரியப்படுத்துகிறார்கள். தட்கல் திறப்பது குளிர்சாதனப் பெட்டிக்குப் பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதாரோடு இணைத்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அன்று காலை 10.55க்கு ஆதாரைத் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பஸ்ஸில் போனார். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது.

பலருக்குத் தெரியாத வழி, ரயிலின் பயணிகள் பட்டியல் தயாரான பிறகு மிஞ்சும் இடங்கள். சாதாரண நாள்களில், பண்டிகைக் கூட்டம் இல்லாத வாரங்களில், புறப்படும் நாளன்றே தட்கல் கூடுதல் கட்டணம் இல்லாமல் இவை கிடைப்பதுண்டு. செவ்வாய், புதன்கிழமைகளில் எனக்குப் பல முறை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இதை நம்பிப் பெட்டியைக் கட்டாதீர்கள்.

போகும் டிக்கெட்டை முதலில் எடுப்பது

பொங்கல், தீபாவளி சமயத்தில் திரும்பி வரும் டிக்கெட்டுக்குத்தான் அடிதடி. ஊரிலிருந்து எப்படியும் திரும்பியாக வேண்டும். அதை முதலில் எடுங்கள்.

சரக்கைக் கையோடு கொண்டுவருவது

புதிதாக ஜவுளி வியாபாரத்தில் இறங்குகிறவர்கள், லாரி சர்வீஸ் கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூட்டைகளை ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம் என்பது உண்மைதான். அது உங்கள் சொந்த உடைமைக்கு. விற்பனைச் சரக்கு அந்தக் கணக்கில் வராது. மாட்டினால் லாரிக் கூலியைப்போல் பல மடங்கு போகும். மாட்டாவிட்டாலும் சென்ட்ரலில் சுமை தூக்குபவர் கூலி, வண்ணாரப்பேட்டை வரை ஆட்டோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதிரித் துணி மட்டும் கையில். மற்றது லாரியில், ரசீது மட்டும் சட்டைப்பையில்.

விமானத்திலும் இதே கதைதான். சூரத்திலிருந்து மாதிரிச் சேலைகளோடு முதல் முறை விமானத்தில் வந்தபோது எடை கூடிவிட்டது. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டிக்கு, 7 கிலோ கைப்பைக்கு. கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, கவுன்டரில் வேறு விலை. நான் கொடுத்தது கவுன்டர் விலை. இப்போது கடைத் தராசிலேயே பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

விமான நிலையத்துக்கு டாக்சி

2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் முதல் விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ ரயில். திருவொற்றியூர்க்காரர் இறங்கி மாறக்கூடத் தேவையில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காலை 5 மணிக்குத்தான் முதல் ரயில் என்பதால் அதிகாலை விமானத்துக்கு உதவாது. மற்ற நேரத்தில் டாக்சி எடுப்பவர்களை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, பணம் அவர்களுடையது.

கோயம்பேட்டில் போய் நிற்பது

தென்மாவட்ட அரசு பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. மாதவரத்திலிருந்தும் சில ஊர்களுக்கு பஸ் உண்டு. உங்கள் ஊருக்கு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். எண்ணூரிலிருந்து கிளாம்பாக்கம் போவது, பாதி விழுப்புரம் போவதற்குச் சமம்.

பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும்போது குதிப்பது

வேண்டாம். பக்கத்துத் தண்டவாளமும் தண்டவாளம்தான்.

நள்ளிரவு ரயிலின் தேதி

இரவு 12 மணிக்கு மேல் ஏறும் ரயிலுக்கு அடுத்த நாள் தேதி. செவ்வாய் இரவு சாப்பிட்டு முடித்து 12.20க்கு ஏறுகிறீர்கள் என்றால், டிக்கெட்டில் புதன்கிழமை இருக்க வேண்டும். செவ்வாய் என்று போட்டால், நீங்கள் திங்கள் இரவு தூங்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் ரயில் போய்விடும்.

இதை அந்தப் பையனுக்கு ஈரோட்டில் டீக்கடை பெஞ்சில் வைத்து, மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலால் கோடு போட்டுக்கூட விளக்கினேன். மிகக் கவனமாகக் கேட்டான். இரண்டு வாரம் கழித்து அடுத்த சந்தைக்கு இரண்டு டிக்கெட்டுகளையும் எடுத்து எனக்கு அனுப்பினான். போகும் டிக்கெட்டில் புறப்படும் இடம் சென்ட்ரல், ஏறும் இடம் பெரம்பூர். எனக்கு மனம் குளிர்ந்தது. திரும்பும் டிக்கெட்டைத் திறந்தேன். நள்ளிரவு கடந்த ரயில், செவ்வாய்க்கிழமை தேதி.

ஏறும் இடம் ஈரோடு என்பதை மட்டும் மிகச் சரியாகப் போட்டிருந்தான்.