தண்ணீர் டம்ளரும் அழைப்பு மணியும்: சின்ன பட்ஜெட்டில் ஒரு பழிவாங்கும் த்ரில்லர் எழுதுவது எப்படி?

கையில் காசு குறைவு, ஆனால் ஒரு த்ரில்லர் எடுத்தே ஆக வேண்டும். இப்படி வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கதைக்கரு ஒன்றுதான். நோயாளியையோ குழந்தையையோ பார்த்துக்கொள்ள ஒரு பெண் வீட்டுக்குள் வருகிறாள். அவள் வந்த காரணம் வேறு. கார் துரத்தல் வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். ஒரு வீடும் நாலு நடிகர்களும் போதும்.

செலவு குறைவு என்பதால் எழுதவும் சுலபம் என்று நினைத்து நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். என் முதல் ஸ்க்ரிப்டில் அந்தப் பெண் பத்தாவது பக்கத்திலேயே கத்தியைத் தூக்கிவிட்டாள். மீதி எண்பது பக்கத்துக்கு அவளுக்கு வேலையே இல்லை! சரி, ஒரு உதாரணக் கதையைக் கட்டிக்கொண்டே போகலாம்.

படி 1: அவளுடைய காயத்தை எழுதுங்கள்

"அவள் மனநிலை சரியில்லாதவள்" என்பது காரணம் ஆகாது. அது எழுத்தாளரின் சோம்பேறித்தனம். 1992இல் வந்த 'தி ஹேண்ட் தட் ராக்ஸ் த க்ரேடில்' படத்தைப் பாருங்கள். பாலியல் புகாருக்கு ஆளான ஒரு மருத்துவர் தற்கொலை செய்துகொள்கிறார். அவருடைய மனைவி வயிற்றில் இருந்த குழந்தையையும் இழக்கிறாள். பிறகு, முதலில் புகார் கொடுத்த பெண்ணின் வீட்டுக்கே குழந்தை பார்த்துக்கொள்ள வந்து சேர்கிறாள். அவளுடைய இழப்பு உண்மை. ஆனால் உண்மையைச் சொன்ன பெண்மீது போய் அந்தக் கோபம் விழுகிறது. இந்தக் கோணல்தான் படத்தை நகர்த்துகிறது.

நம் கதைக்கு வருவோம். ஒரு முன்னாள் தொழிற்சாலை முதலாளி. திருட்டுக்குப் பயந்து பின்வாசலை வெளியே பூட்டி வைத்திருந்தார். தீ விபத்தில் ஒரு இளம்பெண் வெளியே வர முடியாமல் இறந்தாள். வழக்கு தள்ளுபடியானது. இருபது வருடம் கழித்து அவளுடைய தங்கை அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். பார்வையாளர் பாதி அவள் பக்கம் சாய வேண்டும். சாயவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: யாருக்கு எப்போது தெரியும்?

1965இல் பெட் டேவிஸ் நடித்த 'தி நானி' படத்தில், பிழை ஆயாவிடமா பையனிடமா என்று வெகுநேரம் நம்மால் முடிவு செய்ய முடியாது. அதைத் தாங்கிப் பிடிக்க அப்பேர்ப்பட்ட ஒரு நடிகை வேண்டும். முதல் படம் எடுப்பவருக்கு என் ஆலோசனை: பதினைந்தாவது பக்கத்துக்குள் பார்வையாளருக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

நம் கதையில் இன்னொருவருக்கும் தெரியும். முதலாளிக்குப் பக்கவாதம். மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் பேச்சு போகும், உடம்பின் வலது பக்கம் செயலிழக்கும், பல சமயம் எழுதவும் வராது. ஆக, பெரியவர் அவளை அடையாளம் கண்டுகொள்கிறார், ஆனால் சொல்ல வழியில்லை. கண் இருக்கிறது, இடது கை இருக்கிறது, அந்தக் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணி இருக்கிறது. இதற்குக் காசே செலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 3: கொலைத் திட்டத்துக்கு முன்னால் வேலை அட்டவணை

இந்த வகைப் படத்தின் உயிரே இதுதான் என்பேன். அவளுடைய ஆயுதம் கத்தியோ விஷமோ இல்லை, தினமும் செய்யும் பணிவிடைதான். அதனால் ஒரு தாளில் காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை அவள் செய்யும் வேலைகளை எழுதுங்கள். எழுப்புவது, துடைப்பது, மருந்து கொடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. விழுங்கச் சிரமப்படும் நோயாளிக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் தருவார்கள், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும்.

இப்போது ஒவ்வொரு வேலையையும் மூன்று முறை காட்டுங்கள். முதல் முறை ஒழுங்காக, அன்பாகவே செய்கிறாள். பெரியவரின் மகள் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோகிறாள். இரண்டாவது முறை ஒரு சின்ன மாற்றம்: மணியை இரண்டு விரல்கடை தள்ளி வைக்கிறாள், அவ்வளவுதான். மூன்றாவது முறை, கெட்டியாக்காத வெறும் தண்ணீர் டம்ளரைப் பெரியவர் கண்ணெதிரே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்கிறாள். அவருக்கோ தாகம். இந்தச் சீனில் ஒரு வசனம்கூட எழுதாதீர்கள்.

அப்புறம், மகள் வீட்டில் இருக்கும் நேரமும் இந்த அட்டவணையில் இருக்கட்டும். அவள் இல்லாத நேரத்தில்தான் உங்கள் படம் நடக்கிறது.

படி 4: சந்தேகப்படும் ஆள்

வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் போதும். தொடர்ந்து புரட்டாமல் விட்டால் படுக்கைப்புண் வரும். அதை முதலில் பார்ப்பது அவராகத்தான் இருக்கும். அவரைக் கொன்றுவிடாதீர்கள். மகளிடம் சொல்கிறார், மகள் நம்பவில்லை, வேலையை விட்டு நிறுத்திவிடுகிறாள். பிணத்தைவிட இது வலிக்கும், செலவும் மிச்சம்.

படி 5: வீட்டைப் பார்த்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள்

வீடு கிடைத்ததும் எல்லா அறையிலும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். சாலைச் சத்தம் கேட்டால் அந்த அறை வேண்டாம். இந்தப் படத்தில் மௌனம்தான் பாதி. இரவுச் சீன்களை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே எடுக்கலாம். படுக்கையிலிருந்து வாசல் கதவு தெரிகிற அறை கிடைத்தால் விடாதீர்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்பதைப் பெரியவரின் பார்வையிலேயே சொல்லிவிடலாம்.

நோயாளிக்குப் பதில் கைக்குழந்தையை வைக்க ஆசைப்படுவீர்கள். பல நாடுகளில் குழந்தைகள் படப்பிடிப்பில் இருக்கும் நேரத்துக்குக் கடுமையான வரம்பு உண்டு. அதனால்தான் பெரிய படங்களில் ஒரே வேடத்துக்கு இரட்டைக் குழந்தைகளைப் பிடிக்கிறார்கள். உங்களுக்குப் பெரியவரே நல்லது.

படி 6: கடைசிப் பத்துப் பக்கம்

ரத்தம் வேண்டுமென்றால் ஒரே மாதிரி உடை மூன்று செட்டாவது வாங்கி வையுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் சுத்தமான உடை தேவைப்படும். நம் கதைக்கு ரத்தமே வேண்டாம். தீ விபத்தில் பூட்டியிருந்த கதவு ஞாபகமிருக்கிறதா? கடைசி இரவில் அவள் அறைக் கதவை வெளியே பூட்டுகிறாள். சாவி அவள் கையில். உள்ளே மணி அடிக்கிறது. திறப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் கேமரா அவளோடு கதவுக்கு வெளியிலேயே நிற்கட்டும். அந்த மணிச் சத்தத்தைப் படப்பிடிப்பு நாளன்றே தனியாக, தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் பதிவு செய்துவிடுங்கள். எடிட்டிங்கில் உட்காரும்போது வேறு மணியைத் தேடினால் அது ஒத்துவராது.